வல்லூறின் அடுத்த பிறவி

வணக்கம் நேயர்களே. இன்னும் வராத ஒரு மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பேசத்தான் இன்று வந்திருக்கிறேன். சுசுகி ஹயபுசாவின் நான்காம் தலைமுறை. முதல் மூன்று தலைமுறைகளையும் ஓட்டியிருக்கிறேன். இரண்டாவது இன்றும் என்னிடம் இருக்கிறது. அந்த உரிமையில் பேசுகிறேன்.

ஹயபுசா என்றால் ஜப்பானிய மொழியில் பொரி வல்லூறு. இரையைப் பார்த்துத் தலைகீழாகப் பாயும்போது மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டிவிடும் பறவை. பெயரிலேயே ஒரு சவால் இருந்தது. அந்தக் காலத்தில் வேகத்துக்குப் பெயர்போன வண்டி ஹோண்டாவின் சூப்பர் பிளாக்பேர்ட், அதாவது கரும்பறவை. அதை அடிக்க வந்தது வல்லூறு. 1999இல் வந்த முதல் ஹயபுசாவுக்கு 1,299 சிசி எஞ்சின், 175 குதிரைத்திறன். சோதனை ஓட்டங்களில் 312 கிலோமீட்டர் வரை போனது. இந்தப் போட்டி எங்கே போய் முடியுமோ என்ற கவலையில், அடுத்த ஓரிரு ஆண்டுகளிலேயே தயாரிப்பாளர்கள் தங்களுக்குள் எழுதாத ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். 299க்கு மேல் வண்டி போகாதபடி கட்டுப்படுத்திவிட்டார்கள். அந்த எல்லை இன்றும் இருக்கிறது.

2008இல் இரண்டாம் தலைமுறை வந்தது. பிஸ்டன் ஏறி இறங்கும் தூரத்தை 63 மில்லிமீட்டரிலிருந்து 65 ஆக்கினார்கள். வெறும் இரண்டு மில்லிமீட்டர்தான். கொள்ளளவு 1,340 சிசி ஆனது, திறன் 197 ஆனது. அதற்கப்புறம் காத்திருப்பு. ஒன்றிரண்டல்ல, 13 ஆண்டுகள். அந்த ஆண்டுகளில் எங்களைப் போன்றவர்கள் பேசாத பேச்சில்லை. 1,440 சிசி வரும் என்றார்கள், காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் திணிக்கும் டர்போ வரும் என்றார்கள். நானும் நம்பினேன். இரவு தூங்காமல் காகிதத்தில் படம் வரைந்தவன் நான்.

2021இல் மூன்றாவது வந்தது. அதே 1,340 சிசி. திறன் 190. கூடவில்லை, ஏழு குறைந்திருந்தது. முறுக்குவிசையும், அதாவது இழுக்கும் வலுவும், உச்சத்தில் 155 நியூட்டன் மீட்டரிலிருந்து 150க்கு இறங்கியிருந்தது. எனக்கு மனசே விட்டுப்போனது. டர்போ, ஆறு சிலிண்டர், பெரிய எஞ்சின் எல்லாம் செய்து பார்த்துவிட்டுத்தான் இந்த முடிவுக்கு வந்தோம் என்று நிறுவனம் சொன்னபோதும் என் கோபம் தணியவில்லை.

சில மாதங்கள் கழித்து நண்பர் ஒருவர் தன் புது வண்டியின் சாவியைக் கையில் கொடுத்தார். நான்காவது கியரில் ஒரு லாரிக்குப் பின்னால் 80 கிலோமீட்டரில் போய்க்கொண்டிருந்தேன். எதிரே சாலை காலி. என் பழைய வண்டியில் இந்த இடத்தில் கால் தானாக ஒரு கியரைக் குறைக்கும். பழக்கத்தில் காலைத் தூக்கினேன். ஆனால் அதற்குள் வலது கை ஆக்ஸிலேட்டரைத் திருகிவிட்டது, வண்டி லாரியைத் தாண்டிவிட்டது. கியரைத் தொடவே இல்லை. கால் அந்தரத்தில் நின்றது.

காரணம் எளிது. உள்ளே காற்றை விடும் வால்வும் வெளியே புகையை விடும் வால்வும் ஒரு கணம் சேர்ந்தே திறந்திருக்கும். அந்தக் கணத்தை நீட்டினால் உச்ச வேகத்தில் எஞ்சின் நன்றாக மூச்சு விடும். ஆனால் குறைந்த வேகத்தில் எரியாத எரிபொருள் கொஞ்சம் அப்படியே சைலன்சருக்குப் போய்விடும். ஐரோப்பாவின் யூரோ 5 மாசு விதி அதற்கு இடம் தரவில்லை. அதனால் அந்தக் கணத்தைச் சுருக்கினார்கள். உச்சியில் ஏழு குதிரை போனது, நடுவில் இழுவை கூடியது. விதிக்காகச் செய்த மாற்றம், நாம் அன்றாடம் ஓட்டும் வேகத்துக்கு வரமாகிவிட்டது.

அன்று வீட்டுக்கு வந்து ஒரு கணக்குப் போட்டேன். நீங்களும் போட்டுப் பாருங்கள். காற்றைக் கிழித்துப் போகத் தேவையான திறன், வேகம் பெருக்கல் வேகம் பெருக்கல் வேகம் என்ற கணக்கில் கூடும். 300இலிருந்து 330க்குப் போக, அதாவது வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு கூட்ட, திறனை மூன்றில் ஒரு பங்கு கூட்ட வேண்டும். 190 போதாது, 250க்கு மேல் வேண்டும். அவ்வளவும் கொடுத்தாலும் 299இல் பூட்டு விழுந்துவிடும். அதே கணக்கைக் கீழே கொண்டு வாருங்கள். 100 கிலோமீட்டர் வேகத்தில் காற்றைத் தள்ள, 300இல் தேவைப்படுவதில் இருபத்தேழில் ஒரு பங்கு போதும். சுமார் ஏழு குதிரை. மீதமெல்லாம் கையிருப்பு. அந்தக் கையிருப்பு எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு மென்மையாகக் கைக்கு வருகிறது என்பதில்தான் சுகம் இருக்கிறது. 13 ஆண்டுகளாக நான் தவறான வரத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சரி, அடுத்ததில் என்ன வேண்டும்? முதலில் எடை குறைய வேண்டும். இப்போது 264 கிலோ. ஓடும்போது அது தெரியாது. சரிவான இடத்தில், முன்சக்கரம் பள்ளத்தை நோக்கி நிற்க நிறுத்திவிட்டு, பின்னால் தள்ளி எடுத்துப் பாருங்கள். முதுகெலும்பு ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்லும். இரண்டாம் தலைமுறையின் கடைசி வண்டிகளிலிருந்து மூன்றாவதற்கு இரண்டு கிலோதான் குறைந்தது. இன்னும் 20 கிலோ குறைந்தால் திருப்பத்திலும் பிரேக்கிலும் வண்டி வேறாகிவிடும், டயரும் கூடுதல் நாள் உழைக்கும். அதற்காக டேங்கில் கை வைக்க வேண்டாம். 21 லிட்டர் ஏற்கெனவே 20 ஆகிவிட்டது. இது தூரம் போகிற வண்டி.

மின்னணு உதவிகளை நான் எதிர்ப்பவன் அல்ல. வண்டி எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று அறியும் உணரி மூன்றாம் தலைமுறையில் வந்தது. ஒரு மழை நாளில், வளைவின் நடுவே தேங்கிய தண்ணீரைக் கண்டு பதறிப் பிரேக்கை அழுத்தினேன். வண்டி சாய்ந்தபடியே வேகத்தைக் குறைத்துக்கொண்டு நேராக வெளியே வந்தது. பழைய வண்டியாக இருந்தால் சறுக்கியிருப்பேன். இது இன்னும் நுட்பமாக வளரட்டும். ஆனால் வேகத்தைக் காட்டும் ஊசி மானிகள் இருக்க வேண்டும். முழுத் திரையாக்க வேண்டாம். ஊசி ஏறும் கோணத்தை ஓரக்கண்ணாலேயே படித்துவிடலாம், எண்ணைப் படிக்கப் பார்வை சாலையை விட்டு இறங்க வேண்டும்.

டர்போ வேண்டுமா என்று இப்போதும் கேட்கிறார்கள். வேண்டாம். காற்றை அழுத்தி உள்ளே செலுத்தும் எஞ்சின் என்ன செய்யும் என்பதைக் கவாசாகி 2015லேயே எச்2 வண்டியில் காட்டிவிட்டது, அதன் அழகு தனி. ஹயபுசாவின் பெருமை வேறு. டர்போவை வெளியிலிருந்து பொருத்தினாலும் தாங்குகிற அளவுக்கு அதன் எஞ்சினின் அடிப்பகுதியைக் கட்டியிருக்கிறார்கள். நேர்கோட்டில் குறுந்தூரம் சீறும் டிராக் பந்தயக்காரர்கள் இதையே தேடி வாங்குவது அதனால்தான். தேவைக்கு மேல் உறுதி. அதுதான் இந்த வண்டியின் உயிர். மின்சாரத்துக்கு மாறுமா என்றால், இன்றைய மின்கலனை வைத்து இந்த வேகத்தில் நெடுந்தூரம் போக முடியாது. மேலே சொன்ன காற்றுக் கணக்கு அங்கேயும் வந்து நிற்கும்.

என் அச்சம் ஒன்றுதான். மாசு விதிகள் இறுகிக்கொண்டே வருகின்றன. யூரோ 5 பிளஸ், புகையைச் சுத்தம் செய்யும் பாகம் பல ஆண்டுகள் கழித்தும் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று வண்டியே கண்காணிக்க வேண்டும் என்கிறது. நல்ல விதி, தேவையான விதி. ஆனால் உணரிகள் கூடக் கூட, சொந்தக்காரன் தன் கையால் தொட முடிந்த இடம் சுருங்குகிறது.

என் பழைய வண்டியில் டேங்கின் முன்பக்க போல்ட்டைக் கழற்றி, டேங்கைத் தூக்கி ஒரு கம்பியால் முட்டுக் கொடுத்தால், காற்று வடிகட்டி கண் முன்னே நிற்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அதை எடுத்துத் தட்டி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைப்பேன். புது ஹயபுசா காட்சிக்கு வரும் நாளில் எல்லோரும் குதிரைத்திறன் பலகையைப் படித்துக்கொண்டிருப்பார்கள். நான் குனிந்து டேங்கின் முன்பக்கம் அந்த போல்ட் இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருப்பேன்.

வணக்கம்.