ஐந்து வகுப்பும் ஒரே அறையில்: ஒரு கருப்பொருளை வைத்துப் பாடம் நடத்தலாமா?

சரி, அடுத்த கேள்வி. ஈராசிரியர் பள்ளியில் வேலை பார்க்கும் டீச்சர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "தலைமையாசிரியர் கூட்டத்துக்குப் போய்விட்டால் ஒன்று முதல் ஐந்து வரை எல்லாப் பிள்ளைகளும் என்னிடம்தான். ஒரே கருப்பொருளை எடுத்து எல்லாப் பாடத்தையும் அதற்குள் நடத்தலாம் என்கிறார்கள். அது ஒன்றாம் வகுப்புக்குப் புரியுமா, ஐந்தாம் வகுப்புக்குப் போதுமா?"

தாராளமாக நடத்தலாம் டீச்சர். கருப்பொருள் எல்லாருக்கும் ஒன்று, வேலை மட்டும் வகுப்புக்கு வகுப்பு வேறாக இருக்க வேண்டும். ஐந்து வகுப்புக்கும் ஒரே படத்தைக் கொடுத்து வண்ணம் தீட்டச் சொன்னால் பெரிய பிள்ளைகளுக்கு அந்த நாள் வீண்தான்.

வாரச்சந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் காய்கறி வாங்கி வந்து நடுவில் பரப்பி வையுங்கள். ஒன்றாம் வகுப்பு இனம் பிரித்து எண்ணட்டும். இரண்டாம் வகுப்பு பெயர்ச்சீட்டு எழுதி ஒட்டட்டும். மூன்றாம் வகுப்பிடம் தராசைக் கொடுங்கள், அரைக் கிலோவும் 500 கிராமும் ஒன்றுதான் என்பதைக் கையால் நிறுத்துப் பார்க்கட்டும். நான்காம் வகுப்பு பில் போட்டு மீதிச் சில்லறை கொடுக்கும். ஐந்தாம் வகுப்பு, எந்தக் காய் எந்த ஊரிலிருந்து வந்தது என்று வியாபாரியிடம் கேட்டு வந்து மாவட்ட வரைபடத்தில் குறிக்கும்.

அப்புறம் எல்லாரையும் வட்டமாக உட்கார வைத்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: மண்ணுக்குள் விளைவதெல்லாம் வேரா? கேரட் வேர்தான். சர்க்கரைவள்ளிக் கிழங்கும் வேர்தான். உருளைக்கிழங்கு அப்படியில்லை, அது தண்டு. முளைவிட்ட பழைய கிழங்கு ஒன்றைக் கையில் கொடுத்தால், அதன் கண்களிலிருந்து முளை வருவதைப் பிள்ளைகளே காட்டிவிடுவார்கள். அடுத்து நிலக்கடலை. பூ மேலே பூத்து, விழுது மண்ணுக்குள் இறங்கிக் காய் பிடிக்கும். கடலை போடுகிற வீட்டுப் பிள்ளை மூன்றாம் வகுப்பில் இருந்தாலும் இதை ஐந்தாம் வகுப்புக்கே சொல்லிக் கொடுக்கும். பல வயதுப் பிள்ளைகள் சேர்ந்து இருக்கும் வகுப்பின் பெரிய பலம் இது. இதனால்தான் இந்த முறை எனக்கு இவ்வளவு பிடித்திருக்கிறது.

ஆனால் எல்லாவற்றையும் சந்தைக்குள் திணிக்காதீர்கள். கடன் வாங்கிக் கழித்தல், எழுத்தறிதல், சரளமாக வாசித்தல் இதெல்லாம் படிப்படியாக வர வேண்டியவை. அதற்குத் தினமும் தனி நேரம் ஒதுக்குங்கள். அடிப்படை வாசிப்பும் கணக்கும் வர வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில், பிள்ளைகளின் கற்றல் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்திருக்கிறார்கள் இல்லையா? அந்த நேரத்துக்கு வகுப்பைப் பார்க்காமல் நிலையைப் பார்த்துக் குழு பிரித்தால் போதும். கருப்பொருளுக்கு மதியத்துக்கு மேல் நேரம் வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, பெரிய பிள்ளைகளை எப்போதும் சின்னவர்களைக் கவனிக்கவே உட்கார வைக்காதீர்கள். அவர்களுக்கும் படிக்க வேண்டியது இருக்கிறது.

பாடக்குறிப்புக்கு ஒரே தாளில் ஐந்து கட்டம் போடுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் அந்த வகுப்பின் கற்றல் விளைவை, அதாவது பிள்ளைகள் கற்றுக்கொள்ள வேண்டியதை, முதலில் எழுதிவிட்டு, அதற்குப் பொருந்தும் வேலையைப் பிறகு எழுதுங்கள். ஏதாவது ஒரு வகுப்புக்குக் கட்டம் காலியாக இருந்தால், அந்த வாரம் அந்த வகுப்புக்குப் பாடநூலையே நடத்திவிடலாம், தவறே இல்லை.