யூதத் தெருவில் கொடுத்த வாக்கு

(நாகர்கோவிலில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம்.

ஒவ்வோர் ஆண்டும் இந்தக் கூட்டத்தில், சம்பளமோ பதவியோ எதிர்பார்க்காமல் பிறருக்காக உழைத்தவர்களை அழைத்துப் பொன்னாடை போர்த்துகிறோம். இந்த ஆண்டு யாரைப் பாராட்டலாம் என்று பேச்சு வந்தபோது நான் ஒரு தம்பதியின் பெயரைச் சொன்னேன். "அவங்க நம்ம ஊர்க்காரங்க இல்லையே?" என்று உடனே கேட்டார்கள். இல்லைதான். கொச்சி மட்டாஞ்சேரிக்காரர்கள். தாஹா இப்ராஹிம், அவருடைய மனைவி ஜாஸ்மின். இஸ்லாமியக் குடும்பம். அவர்கள் தொண்டு செய்தது ஒரு யூதச் சமூகத்துக்கு. அந்தச் சமூகத்தில் அநேகமாக எல்லாரும் ஊரைவிட்டுப் போன பிறகும், கடைசியாக மிஞ்சியிருந்த ஒரு மூதாட்டிக்கு. அவர்கள் இன்று இந்த மேடையில் இல்லை. ஆனாலும் அவர்களைப் பற்றிப் பேச வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

மட்டாஞ்சேரிக்குப் போனவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். அரண்மனையைப் பார்த்துவிட்டு, மிளகும் சுக்கும் மணக்கும் கடைகளைத் தாண்டி, ஒரு குறுகலான தெருவுக்குள் போவோம் இல்லையா, அதுதான் யூதத் தெரு. தெருக் கோடியில் மணிக்கூண்டு, அதை ஒட்டி யூதர்களின் தொழுகைக்கூடம். நம் கிறிஸ்தவச் சகோதரர்கள் ஜெப ஆலயம் என்பார்கள். மலையாளத்தில் யூதப் பள்ளி. மலையாளத்தில் கிறிஸ்தவர்களின் தேவாலயமும் பள்ளி, முஸ்லிம்களின் மசூதியும் பள்ளி, யூதர்களுடையதும் பள்ளிதான். மூன்றுக்கும் ஒரே சொல் போதும் என்று நினைத்த ஊர் அது. எனக்கு அந்த ஊர் பிடித்துப்போனதற்கு முதல் காரணமே அந்தச் சொல்தான். உள்ளே போக நம் கோயிலைப் போலவே செருப்பைக் கழற்ற வேண்டும். காலடியில் நீலமும் வெள்ளையுமாகச் சீனத்து ஓடுகள். கையால் வரைந்தவை என்பதால் ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது என்கிறார்கள். அண்ணாந்து பார்த்தால் கண்ணாடிச் சரவிளக்குகள்.

கட்டியது 1568இல். 1662இல் போர்த்துகீசியர் சேதப்படுத்தினார்கள். டச்சுக்காரர் காலத்தில் திரும்ப எழுப்பினார்கள். பரதேசி யூதர்களின் பள்ளி என்று பெயர். பரதேசி என்ற சொல்லுக்கு நம் பேச்சில் வேறு பொருள் ஏறிவிட்டது. அங்கே அதற்கு வேறு தேசத்திலிருந்து வந்தவர் என்ற நேரான பொருள்தான். ஸ்பெயினிலிருந்தும் மேற்காசிய நாடுகளிலிருந்தும் வந்து சேர்ந்தவர்கள் அவர்கள். அவர்களுக்கு முன்பே, பல நூறு ஆண்டுகளாகக் கேரளத்தில் மலபார் யூதர்கள் இருந்தார்கள்.

இந்த இடத்தில் ஒரு செப்பேட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், அதில் நமக்கும் பங்கு இருக்கிறது. சுமார் 1,000 ஆண்டுகளுக்கு முன், சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு 72 உரிமைகளை எழுதிக் கொடுத்தான். எழுத்து வட்டெழுத்து. மொழி, தமிழும் மலையாளமும் பிரிந்துகொண்டிருந்த காலத்து மொழி. பகல்விளக்கு, பாவாடை, குடை, தோரணம் என்று அதில் வரும் சொற்கள் நமக்கு அகராதி இல்லாமலே புரியும். பகலில் விளக்குப் பிடித்துக்கொண்டு போவதும், நடக்கும் வழியில் துணி விரிப்பதும் அன்று பெரிய மனிதர்களுக்கு மட்டுமே உரிய மரியாதை. அந்த மரியாதையைக் கடல் கடந்து வந்தவருக்கு மன்னன் கொடுத்தான். அவருடைய மகன்களுக்கும் மகள்களுக்கும் மருமக்களுக்கும் சேர்த்தே கொடுத்தான். எவ்வளவு காலத்துக்கு? உலகும் சந்திரனும் உள்ள காலம் வரை.

ஆனால் ஆட்கள் இருக்கவில்லை. 1948இல் இஸ்ரேல் பிறந்தது. 1950களின் நடுவில் மலபார் யூதர்கள் குடும்பம் குடும்பமாகப் புறப்பட்டுப் போனார்கள். கேரளத்தில் அவர்களை யாரும் விரட்டவில்லை. அந்த மண்ணின் மக்களிடம் யூதர் என்பதற்காக அடிபட்டதில்லை என்று அவர்களே இன்றும் நன்றியோடு சொல்கிறார்கள். வேதத்தில் படித்த நாடு கூப்பிட்டது, போனார்கள். பரதேசி யூதர்கள் கொஞ்சம் தாமதித்தார்கள், பிறகு அவர்களும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். வீடுகளைக் கடைக்காரர்கள் வாங்கினார்கள்.

யூதர்களின் பொதுத் தொழுகைக்குப் பத்துப் பேர் வேண்டும். மரபுப்படி வயது வந்த ஆண்கள் பத்துப் பேர். ஒன்பது பேர் இருந்தால் சில பிரார்த்தனைகளைச் சொல்லவே முடியாது. மட்டாஞ்சேரியில் ஒரு கட்டத்தில் அந்தப் பத்து சேரவில்லை. வெளிநாட்டிலிருந்து சுற்றிப் பார்க்க வந்த யூதர்கள் யாராவது சேர்ந்துகொண்டால்தான் தொழுகை என்றாயிற்று.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தச் சமூகத்துக்குள்ளும் மேல் கீழ் இருந்தது. விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்தவர்களை அந்தப் பள்ளியில் சமமாக உட்கார விடவில்லை. ஏ. பி. சேலம் என்ற வழக்கறிஞர் அந்தப் பிரிவில் பிறந்தவர். காந்திய வழியில் அங்கேயே சத்தியாகிரகம் செய்துதான் மெல்ல மெல்ல அந்த வழக்கம் உடைந்தது. நம் கோயில் நுழைவுப் போராட்டங்களோடு சேர்த்து நினைக்க வேண்டியது அது.

சரி, தொண்டுக்கு வருகிறேன். அந்தத் தெருவில் நான் வணங்கும் இன்னொரு தம்பதியும் உண்டு. சாமுவேல் ஹலேகுவா, அவர் மனைவி குவீனி. சாமுவேல் பல ஆண்டுகள் அந்தப் பள்ளியின் பொறுப்பாளராக இருந்தார். பழுதாகிக் கிடந்த மணிக்கூண்டை உலக நினைவுச்சின்ன நிதியத்தின் உதவியோடு சீர்செய்தது அவர் காலத்தில்தான். 2009இல் அவர் காலமானார். பிறகு குவீனி அம்மாவும் நிர்வாக அறங்காவலராகப் பொறுப்பேற்று நடத்தினார். 2024 ஆகஸ்டில் அவரும் போய்ச் சேர்ந்தார். பரதேசி யூதப் பெண்கள் வரிசை மட்டாஞ்சேரியில் அவரோடு முடிந்தது. கட்டடம் இன்று கம்பீரமாக நிற்கிறது என்றால் இப்படிப்பட்டவர்கள் கணக்குப் பார்க்காமல் பார்த்துக்கொண்டதுதான் காரணம்.

ஆனால் நான் பேச வந்தது கட்டடத்துக்கு நாலு அடி தள்ளி இருக்கும் ஒரு வீட்டைப் பற்றி.

அந்த வீட்டில் ஜேக்கப் கோஹனும் சாரா கோஹனும் இருந்தார்கள். ஜேக்கப் வழக்கறிஞர். சாரா அம்மா வீட்டின் முன்னறையிலேயே எம்பிராய்டரி கடை வைத்திருந்தார். யூத ஆண்கள் தலையில் வைக்கும் கிப்பா தொப்பி, ஓய்வுநாள் ரொட்டியை மூடும் துணி, மேசை விரிப்பு எல்லாம் கையால் பின்னியவை. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. 1980களின் தொடக்கத்தில், பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட ஒரு பையன் அந்தத் தெருவில் சுற்றுலாப் பயணிகளிடம் தபால் அட்டை விற்றுக்கொண்டிருந்தான். ராத்திரி சரக்கை வைக்க இடமில்லாமல் ஒருநாள் தவித்தபோது, ஜேக்கப் தன் வீட்டில் வைத்துக்கொள்ளச் சொன்னார். முதலில் சாரா அம்மாவுக்கு அதில் அவ்வளவு விருப்பமில்லை என்கிறார்கள். அப்புறம் பையன் சின்னச் சின்ன வேலைகளுக்கு ஓடினான். தையலும் அவனுக்குத் தெரியும் என்று தெரியவந்தது. தாஹா அந்த வீட்டுப் பிள்ளைபோல ஆனார். சாரா ஆன்ட்டி என்று கூப்பிட்டார்.

1999இல் ஜேக்கப் படுக்கையில் விழுந்தார். நான் போன பிறகு சாராவைப் பார்த்துக்கொள்வாயா என்று தாஹாவிடம் கேட்டார். சாரா ஆன்ட்டி சம்மதித்தால் பார்த்துக்கொள்கிறேன் என்றார் தாஹா. இந்தப் பதிலை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். சாகக் கிடப்பவர் கேட்கும்போது யாராக இருந்தாலும் "சரி" என்றுதான் சொல்லத் தோன்றும். இவர் அப்போதும், யாரைப் பார்த்துக்கொள்ளப் போகிறோமோ அவருடைய சம்மதத்தை நினைத்திருக்கிறார். அந்த அம்மாவுக்கு வாழ்க்கை எப்படி வேண்டும் என்று சொல்லும் உரிமை கடைசி வரை அவர் கையிலேயே இருந்தது.

அந்த வாக்கு 20 ஆண்டுகள் நின்றது. 2019 ஆகஸ்ட் 30 அன்று, 96 வயதில் சாரா அம்மா காலமாகும் வரை.

பத்திரிகைகளில் வந்த படங்களில் அதிகமும் தாஹாவும் சாரா அம்மாவும்தான். ஜாஸ்மின் அவ்வளவாகத் தெரிவதில்லை. அதற்காகத்தான் தம்பதியாகப் பாராட்ட வேண்டும் என்று நான் அடம்பிடித்தேன். சொந்தக் கதை ஒன்று சொல்கிறேன். என் பெரியம்மாவுக்குப் பிள்ளைகள் கிடையாது. கடைசி இரண்டு வருடம் எங்கள் வீட்டில்தான் இருந்தார். மருத்துவரிடம் கூட்டிப்போவது, மருந்து வாங்குவது, வங்கி வேலை எல்லாம் நான். வெளியில் தெரிகிற வேலை. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து விரிப்பை மாற்றியது, நகம் வெட்டிவிட்டது, சாப்பிட மாட்டேன் என்று முகத்தைத் திருப்பும்போது கோபப்படாமல் இன்னும் பத்து நிமிஷம் கழித்துத் தட்டை எடுத்துவந்தது, அதெல்லாம் என் மனைவி. பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் "பெத்த பிள்ளை மாதிரி பாத்துக்கிட்டே" என்று என் கையைப் பிடித்தார்கள். அவள் அடுப்படியில் இருந்தாள். நானும் அவளைக் கூப்பிட்டு நிறுத்தவில்லை. அது இன்றும் எனக்கு உறுத்துகிறது. ஒரு வீட்டிலிருந்து ஒருவர் வெளியே போய் 20 வருடம் இன்னொரு குடும்பத்தைத் தாங்குகிறார் என்றால், அந்த வீட்டில் இன்னொருவர் மனசார ஒப்புக்கொண்டு தானும் தோள் கொடுத்திருக்க வேண்டும்.

சாரா அம்மா கடைசி வரை யூதராகவே வாழ்ந்தார். நான் அதிகமாக மதிப்பது இதைத்தான். முதுமையில் நம்மை அண்டி நிற்பவரிடம், நம் பழக்கத்துக்கு வந்துவிடு என்று சொல்லாமல் சொல்வது ரொம்பச் சுலபம். யூதர்களுக்கு வெள்ளிக்கிழமை சூரியன் மறைந்ததும் ஓய்வுநாள் தொடங்கிவிடும், அதற்கு முன் வீட்டுப் பெண் விளக்கேற்றுவார். அதன்பின் தீ மூட்டக்கூடாது, வேலை செய்யக்கூடாது. முஸ்லிம் வீட்டிலும் வெள்ளிக்கிழமை ஜும்மா நாள், விசேஷ நாள். தங்கள் தொழுகையை விடாமல், பக்கத்தில் இருப்பவரின் விளக்கு நேரத்தையும் மதித்து வாழ்ந்திருக்கிறார்கள். சன்னலோரம் உட்கார்ந்து, எபிரேயப் பிரார்த்தனைப் புத்தகத்தைப் பிரித்து வைத்துப் பாடும் சாரா அம்மாவின் படத்தை நீங்களும் பார்த்திருக்கலாம். அந்தப் பாட்டு அந்தத் தெருவில் அத்தனை வருடம் கேட்டது.

உலகத்தின் இன்னொரு மூலையில் யூதரும் முஸ்லிமும் பற்றிய செய்தி என்றாலே நெஞ்சு பதறுகிற காலம் இது. அந்தத் துயரம் நிஜம், அதை நான் சிறிதாக்க மாட்டேன். மட்டாஞ்சேரியில் நடந்ததும் அதே அளவுக்கு நிஜம்.

சாரா அம்மா போன பிறகு, அந்த இடம் இன்னொரு கைவினைப்பொருள் கடையாக மாறியிருக்கலாம். அந்தத் தெருவில் வாடகைக்கு ஆளா இல்லை? மாறவில்லை. 'சாராஸ் ஹேண்ட் எம்பிராய்டரி' என்ற பலகையோடு, அவர் நினைவாக அதைக் காப்பாற்றி வைத்தார்கள். இஸ்ரேலிலிருந்து தாத்தா பாட்டி பிறந்த தெருவைப் பார்க்க வரும் பிள்ளைகளுக்கு, உள்ளே கூப்பிட்டு இது இன்னார் உட்கார்ந்த இடம், இது அவர் பின்னிய துணி என்று காட்ட ஒரு வீடு இருக்கிறது. வாக்குக் கொடுத்தது அந்த அம்மாவின் உயிர் இருக்கும் வரைதானே? அதற்கு மேலும் செய்தது யாரும் கேட்காதது.

அந்தச் செப்பேட்டைத்தான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். மன்னன் சந்திரன் உள்ள வரை என்று எழுதினான். சேர அரசு போய்விட்டது, போர்த்துகீசியர் வந்து போனார்கள், டச்சுக்காரர் போனார்கள், கொச்சி ராஜ்யமும் போய்விட்டது. அந்த மரியாதையை 1999இலிருந்து 2019 வரை எடுத்துச் செய்தவர்கள், அதே தெருவில் தபால் அட்டை விற்ற ஒருவரும் அவர் மனைவியும்.

நாங்கள் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். நம் கூட்டத்தின் பொன்னாடைகள் இரண்டையும் எடுத்துக்கொண்டு அடுத்த மாதம் நானும் என் மனைவியும் ரயிலில் கொச்சிக்குப் போகிறோம். கூடவே ஒரு நன்றிக் கடிதம், தமிழில் எழுதி, கீழே மலையாளத்திலும் எழுதியிருக்கிறோம். ஜாஸ்மின் அம்மாவின் பெயரை முதலில் போட்டிருக்கிறோம். கடிதம் வாசல் பக்கத்து மேசையில் இருக்கிறது. காபி குடித்துவிட்டுப் போகும்போது எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள், பிள்ளைகளும் போடலாம். பேனா அங்கேயே வைத்திருக்கிறேன்.