இறக்கத்தில் தெரியும் வண்டியின் தரம்

நடுவர் அவர்களுக்கும், எதிரணியில் இருக்கும் அண்ணன்மார், அக்காமாருக்கும், இந்தக் குளிரிலும் வந்து உட்கார்ந்திருக்கும் ஹட்டன் மக்களுக்கும் வணக்கம்.

"மலையகத்துக் காட்டுப் பாதைக்கும் அதிவேக வீதிக்கும் ஏற்றது பழைய ஜீப்பா, புதிய எஸ்யூவியா?" இதுதான் தலைப்பு. 2000ஆம் ஆண்டுக்கு முன் வந்தது பழையது, 2010க்குப் பின் வந்தது புதியது என்று நடுவர் எல்லை போட்டுக் கொடுத்துவிட்டார். நான் புதிய எஸ்யூவியின் பக்கம்.

எனக்கு முன் பேசிய அண்ணன் மலைக்குள் ஒதுங்கிக் கிடக்கும் மீமுரே கிராமத்துப் பாதையில் 4டிஆர்5 எஞ்சின் போட்ட பழைய மிட்சுபிஷி ஜீப் எப்படி ஏறியது, பழைய லேண்ட் ரோவர் எப்படி ஏறியது என்று அழகாகச் சொன்னார். ஏறியது, ஏறியது என்றே சொன்னார். எப்படி இறங்கியது என்று ஓர் இடத்திலாவது சொன்னாரா? ஏறும்போது வண்டிக்கு முடியவில்லை என்றால் அது நின்றுவிடும், சக்கரத்துக்கு ஒரு கல்லை வைத்துச் சமாளிக்கலாம். இறங்கும்போது முடியாமல் போனால் நிற்காதே, நடுவர் அவர்களே! அதனால் மலைநாட்டில் ஒரு வண்டியை இறக்கத்தில் வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர். அங்கிருந்து இறம்பொடை வழியாகக் கம்பளைக்கு வந்தால் ஆயிரம் மீற்றருக்கு மேல் இறங்குகிறோம், அதுவும் வளைவுக்கு மேல் வளைவாக. 1948இல் வரத் தொடங்கிய லேண்ட் ரோவர் சீரீஸ் வண்டிகளுக்கு நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். நீண்ட இறக்கத்தில் டிரம் சூடேறி விரியும். விரிந்தால் உள்ளே இருக்கும் ஷூவுக்கும் அதற்கும் இடைவெளி கூடும். பெடல் கீழே கீழே போகும், கருகல் வாடை வரும். ஓடையைக் கடந்து வந்திருந்தால் டிரம்முக்குள் தண்ணீர் வேறு. அது காயும்வரை பிரேக் பிடிக்காது. அந்த வண்டிகளில் ஆரம்பத்தில் வந்தவற்றுக்குப் பிரேக் எண்ணெய் ஓடுவது ஒரே சுற்றில். ஒரு குழாய் கசிந்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் இல்லை.

"செகண்ட் கியரில் போட்டால் எஞ்சினே பிடித்துக்கொள்ளும்" என்று எதிரணி சொல்லும். சரி, காய்ந்த தாரில் பிடிக்கும். மழையில் என்ன நடக்கிறது? 4டிஆர்5 ஜீப்பிலும் சீரீஸ் லேண்ட் ரோவரிலும் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவில், இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடுகிற டிஃபரன்ஷியல் என்ற பற்சக்கரத் தொகுதி இல்லை. அதனால் பிடிப்புள்ள தார் வீதியில் ஃபோர் வீலைப் போட்டுக்கொண்டு ஓட்டக்கூடாது. போட்டால் வளைவில் இரண்டு அச்சும் ஒன்றையொன்று முறுக்கும், ஸ்டியரிங் இறுகும், கியர்ப்பெட்டி கெடும். ஆக, மழை பெய்யும் இறம்பொடை வளைவில் அந்த வீரமான ஃபோர் வீல் ஜீப், பின்சக்கரம் மட்டும் இழுக்கிற வண்டி. பின்பக்கம் பாரமும் இல்லை. எஞ்சின் பிரேக் முழுவதும் அந்த இரண்டு சக்கரத்தில்தான் விழுகிறது. வால் வழுக்குவது அங்கேதான்.

புதிய சுசுகி ஜிம்னிக்கும் நடு டிஃபரன்ஷியல் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் 2018இல் வந்த அந்த ஜிம்னியில் ஈஎஸ்பி இருக்கிறது. வண்டி எந்தப் பக்கம் வழுக்குகிறது என்று உணர்ந்து, எந்தச் சக்கரத்தைப் பிடிக்க வேண்டுமோ அதை மட்டும் பிடிக்கும். எவ்வளவு கைதேர்ந்த சாரதியாக இருந்தாலும் அவருக்கு இருப்பது ஒரே பிரேக் பெடல். நான்கு சக்கரத்தையும் தனித்தனியாகப் பிடிக்க எந்த மனிதக் காலாலும் முடியாது. ஐரோப்பாவில் 2014 முதல் இது இல்லாமல் புதிய கார் விற்க முடியாது என்று சட்டமே இருக்கிறது.

நானுஓயா ரதெல்ல குறுக்கு வீதியை இங்கே அறியாதவர் இல்லை. 2023 ஜனவரியில் அங்கே பஸ்ஸும் வேனும் ஆட்டோவும் மோதி ஏழு உயிர் போனது. அது ஜீப் விபத்து அல்ல. ஆனால் நம் வீதிகளின் இறக்கம் என்ன கேட்கிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

இனிக் காட்டுப் பாதைக்கு வருவோம். அங்கே பழையதுதான் ராஜா என்கிறார்கள். தோட்டப் பாதையில் மழைத் தண்ணீர் அறுத்த பள்ளம் ஒன்றில் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். லாக் இல்லாத பழைய டிஃபரன்ஷியல், வலு முழுவதையும் அந்தத் தொங்குகிற சக்கரத்துக்கே கொடுக்கும். அது வீணாகச் சுற்றும், தரையில் இருக்கிற சக்கரம் சும்மா நிற்கும். அப்புறம் சாக்கைப் போடு, கல்லை அடுக்கு, நாலு பேர் இறங்கித் தள்ளு. இதைத்தான் வீரம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். புதிய வண்டியில் சுற்றுகிற சக்கரத்தைக் கணினி பிடித்துவிடும், வலு மற்றச் சக்கரத்துக்குப் போகும். ஆட்கள் உள்ளேயே உட்கார்ந்திருக்கலாம். இறக்கத்தில் ஹில் டிசென்ட் பொத்தானை அழுத்தினால் ஆள் நடக்கிற வேகத்தில் தானாகவே பிரேக் பிடித்துப் பிடித்து இறங்கும்.

தண்ணீரில் இறங்க பழைய டிஃபெண்டர் வேண்டும் என்று அக்கா சொன்னார். ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாது. 2016இல் உற்பத்தி நின்ற பழைய டிஃபெண்டருக்குக் கம்பனியே சொன்ன ஆழம் 500 மில்லிமீற்றர். ஏர் சஸ்பென்ஷன் போட்ட புதிய டிஃபெண்டருக்கு 900.

ஏற்றத்திலும் ஒன்று இருக்கிறது. நுவரெலியா உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான். காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிற டர்போ இல்லாத எஞ்சினுக்கு மூச்சு அந்த அளவுக்குக் குறைகிறது. பழைய லேண்ட் குரூசரின் 4.2 லீற்றர் 1எச்இசட் எஞ்சின் மிக உறுதியானது, மறுக்கவில்லை. ஆனால் அதற்கு டர்போ கிடையாது. டர்போ எஞ்சின் அந்தக் குறையைப் பெருமளவு ஈடுசெய்துவிடும்.

அதிவேக வீதியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. மணிக்கு 100 கிலோமீற்றர் ஓடும் பாதையில் இலைவில் ஜீப் எண்பதைத் தொடும்போதே பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. எதிரணியிலும் யாரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

திருத்துவது சுலபம், ஒரு ஸ்பேனர் போதும் என்பதுதான் அவர்களுடைய பலமான வாதம், அதை மதிக்கிறேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திறந்தார்கள். இடையில் நம் கராஜ்காரர்கள் பழைய வண்டிகளை ஓட வைத்தார்கள், அந்தக் கைகளுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் அதே கைகள் ஸ்கேனரையும் பிடிக்கும். வண்டியில் செருகினால் எந்தச் சென்சரில் கோளாறு என்று அது சொல்லிவிடும்.

விலைக்கு வருகிறேன். புதியது விலை அதிகம், வரி அதிகம். உண்மைதான். ஆனால் "பழையதே போதும்" என்கிறபோது யாருக்குப் போதும் என்று ஒரு கேள்வி எனக்கு எழுகிறது. துரைமாருக்கும் சுற்றுலா வருபவர்களுக்கும் ஏர்பேக் உள்ள பிராடோ வருகிறது. தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து பிள்ளைப்பேற்றுக்குப் போகிற பெண் லொறியிலும், ஜீப்பின் பின்னால் பக்கவாட்டுப் பலகையிலும்தான் போயிருக்கிறாள். இரும்புத் தரையில் காலை ஊன்றி, மேல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வளைவுக்கு வளைவு சாய்ந்துகொண்டு போயிருக்கிறாள். டித்வா புயலுக்குப் பிறகு சரிந்த மண் படிந்த வீதியில் யார் எந்த வண்டியில் போனார்கள் என்று யோசித்துப் பாருங்கள். நல்ல பிரேக்கும் பெல்ட்டும் முதலில் வர வேண்டிய இடம் தோட்டத்து டிஸ்பென்சரி வாசல். புத்தம் புதியது வாங்க முடியாவிட்டால் 2010க்குப் பின் வந்த பாவித்த வண்டி ஒன்றையாவது தோட்டம் வாங்கட்டும்.

அடுத்துப் பேச வரும் எதிரணி அக்கா, அந்தப் பின்பலகையில் பெல்ட் எங்கே இருக்கிறது என்று முதலில் காட்டிவிட்டு மற்றதைத் தொடங்கட்டும். நன்றி, வணக்கம்.