எருசலேமில் அந்த ராத்திரி என்ன காணாமல் போனது?

நண்பர்களே, 1911 ஏப்ரல். எருசலேம் அப்போது ஒட்டோமான் ஆட்சியில் இருந்தது. யூதர்களின் பாஸ்கா, கிறிஸ்தவர்களின் ஈஸ்டர், முஸ்லிம்களின் நபி மூசா திருவிழா மூன்றும் ஒட்டி ஒட்டி வந்திருந்தன. ஊரில் கால் வைக்க இடமில்லை. அந்தக் கூட்டத்துக்கு நடுவே, முஸ்லிம்களின் புனிதத் தலமான பாறைக் குவிமாடத்துக்கு (Dome of the Rock) உள்ளே, பாறையின் அடியில் உள்ள குகையில், நடு ராத்திரியில் சிலர் தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

மான்டேகு பார்க்கர் என்ற ஆங்கிலேயப் பிரபு வீட்டுப் பிள்ளையும் அவருடைய ஆட்களும்தான் அவர்கள். பைபிளின் எசேக்கியேல் ஆகமத்தில் ரகசியக் குறிப்பு ஒளிந்திருக்கிறது, அது பத்துக் கட்டளைப் பலகைகளை வைத்திருந்ததாகச் சொல்லப்படும் உடன்படிக்கைப் பெட்டி இருக்கும் இடத்தைக் காட்டுகிறது என்று பின்லாந்துக்காரர் வால்டர் யுவேலியஸ் சொன்னதை நம்பி, 1909லேயே வந்து எருசலேமின் பழைய நீரூற்றான கீகோன் ஊற்றருகே தோண்டத் தொடங்கியவர்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. கடைசியில் காவல் பொறுப்பில் இருந்த ஷேக்குக்குக் கையூட்டுக் கொடுத்து உள்ளே புகுந்தார்கள்.

சத்தம் கேட்டுவிட்டது. விடிவதற்குள் ஊர் கொதித்தது. இவர்கள் யாஃபா துறைமுகத்துக்கு ஓடி, படகேறித் தப்பினார்கள். சுலைமான் (சாலமோன்) மன்னரின் கிரீடத்தைக் கொண்டுபோய்விட்டார்கள், மோதிரத்தை எடுத்துவிட்டார்கள் என்று ஆளுக்கொன்று பேசினார்கள். பேச்சு இஸ்தான்புல் நாடாளுமன்றம் வரை போனது.

சரி, உண்மையில் எதை எடுத்தார்கள்? யாஃபா சுங்கத்தில் மூட்டைகளைச் சோதித்தார்கள். புதையல் எதுவும் அகப்படவில்லை. பெட்டி கிடைத்ததற்கு இன்றுவரை ஒரு தடயமும் இல்லை. ஆனால் ஊர்மக்களை நான் குறை சொல்லமாட்டேன். தங்கள் புனித இடத்தில், தங்களுக்குத் தெரியாமல், பணத்தைக் கொடுத்து ஒருவன் கடப்பாரை போட்டால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

அப்புறம், இதில் என்னை மிகவும் கவர்ந்தவர் லூயி வின்சென்ட் பாதிரியார். எருசலேமிலேயே இருந்த டொமினிக்கன் என்ற கத்தோலிக்கத் துறவற சபை ஆய்வாளர். கீகோன் ஊற்றருகே புதையல் வேட்டைக்காரர்கள் சேற்றை அள்ளி வெளியே கொட்டக் கொட்ட, இவர் சுரங்கத்துக்குள் இறங்கி ஒவ்வொரு வளைவையும் அளந்து வரைந்தார். பழங்கால யூதா நாட்டு மன்னன் எசேக்கியாவின் பெயரால் வழங்கும் நீர்ச்சுரங்கம் அது. இரு முனைகளிலிருந்தும் ஐந்நூறு மீட்டருக்கு மேல் பாறையைக் குடைந்தது. 1838ல் அமெரிக்க ஆய்வாளர் எட்வர்ட் ராபின்சன் அதற்குள் போனபோது சில இடங்களில் தவழ்ந்துதான் போக முடிந்தது. சேறு அகன்ற பிறகு நிமிர்ந்து நடக்கலாம் என்றானது. இன்றும் முழங்கால் தண்ணீரில் நடந்து சீலோவாம் குளத்தில் கரையேறுகிறார்கள். கையில் வின்சென்டின் வரைபடம் இருந்தால், உளி எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பதைச் சுவரைத் தடவியே பார்த்துக்கொள்ளலாம்.