முன்பல்லு நடுக்கோடு 4 மில்லிமீட்டர் தள்ளியிருந்தும் பொதுமக்களுக்குத் தெரியல! உங்க சிரிப்பு டாக்டர் கண்ணுக்கு ஒண்ணு, உங்க கண்ணுக்கு இன்னொண்ணு

வணக்கம் மக்களே! கண்ணாடி முன்னாடி போய் நின்னு ஈன்னு சிரிங்க. மேல்வரிசை முன்பல்லு ரெண்டுக்கும் நடுவுல ஒரு கோடு தெரியுதா? அது மூக்குக்கு நேரா இருக்கா, இல்ல கொஞ்சம் தள்ளி இருக்கா?

1999ல கோகிச், கியாக், ஷாபிரோன்னு மூணு பேரு ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. சிரிப்பு போட்டோவை எடுத்து கம்ப்யூட்டர்ல கொஞ்சம் கொஞ்சமா மாத்தி, கம்பி போடுற ஆர்த்தோடான்டிஸ்ட், சாதாரண பல் டாக்டர், நம்மள மாதிரி பொதுமக்கள்னு மூணு தரப்புக்கும் காட்டி மார்க் போடச் சொன்னாங்க.

அந்த நடுக்கோடு இருக்கே, அதை 4 மில்லிமீட்டர் வரைக்கும் தள்ளி வச்சிருக்காங்க. ஒரு முன்பல்லோட அகலமே எட்டு, எட்டரை மில்லிமீட்டர்தான், அப்போ கிட்டத்தட்ட அரைப்பல்லு தூரம்! அதை ஆர்த்தோடான்டிஸ்ட் மட்டும்தான் பிடிச்சாங்க, பொதுமக்களுக்கும் தெரியல, சாதாரண பல் டாக்டருக்கும் தெரியல. எனக்கு இதைப் படிச்சப்போ அவ்ளோ ஆச்சரியம்.

ஆனா அதே பல்லு சாய்ஞ்சிருந்தா கதையே வேற. வெறும் 2 மில்லிமீட்டர் சாய்வையே ஜனங்க கண்டுபிடிச்சிட்டாங்க. நான் எப்படிப் புரிஞ்சுக்கிறேன்னா, சுவத்துல மாட்டின போட்டோ ரெண்டு இன்ச் தள்ளி இருந்தா நாம கண்டுக்க மாட்டோம், லேசா சாய்ஞ்சிருந்தா போய் நேரா வைக்காம மனசு ஆறாதுல்ல? அதேதான் இங்கயும்.

சிரிக்கும்போது ஈறு தெரியுறதுல, 2 மில்லிமீட்டர் தெரிஞ்சாலே ஆர்த்தோடான்டிஸ்ட் மார்க்கைக் குறைக்கிறாங்க, மத்தவங்களுக்கு 4 வேணும்.

ஏன் இந்த வித்தியாசம்? டாக்டர் உதட்டை விலக்கி, லைட் அடிச்சு, பல்லை மட்டும் பக்கத்துல பார்த்துப் பழகினவங்க. அது அவங்க தப்பு இல்ல, அந்தக் கண்ணு இருந்தாதான் ஒழுங்கா வேலை செய்ய முடியும். ஆனா உங்ககூட பேசுறவங்க கண்ணு, உதடு, கன்னம்னு முழு முகத்தையும் சேர்த்துத்தான் பார்ப்பாங்க.

அதனால அழகுக்காக நல்ல பல்லைச் சீவி உறை போடப் போறீங்கன்னா, தயவுசெஞ்சு அவசரப்படாதீங்க, சீவின எனாமல், அதாவது பல்லோட கெட்டியான மேல்பகுதி, திரும்ப வளராது. நாற்காலியில சாயுறதுக்கு முன்னாடியே கண்ணாடியைக் கையில வாங்கி, "டாக்டர், எனக்கு உறுத்துறது இந்த இடம்தான்"னு விரல் வச்சுக் காட்டுங்க. அவங்க வேற எதையாவது சொன்னா, "இது கடிக்கவோ மெல்லவோ பிரச்சனையா, இல்ல பார்க்க மட்டும்தானா"ன்னு கேளுங்க. ரெண்டுக்கும் பதில் வேற வேற.

சிரிக்கும்போது கையால வாயை மூடுற பழக்கம் உங்களுக்கு இருக்கா? எந்தப் பல்லை மறைக்கிறீங்க, அது மத்தவங்க யாராவது சொன்னதா, இல்ல நீங்களா நெனச்சுக்கிட்டதா? கமெண்ட்ல எழுதுங்க, நான் ஒவ்வொண்ணா படிப்பேன்.