தோ பாயோ சீன மருத்துவமனை அரசாங்கத்துடையதா? (நேயர் கேள்விக்குப் பதில்)

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்றைப் படித்துவிட்டு இரண்டு நாள் அதே நினைப்பாக இருந்தேன். சிங்கப்பூரில் தோ பாயோவில் குடியிருக்கும் ஓர் அம்மா எழுதியிருக்கிறார். "மார்க்கெட்டுக்குப் போகும் வழியில் சுங் ஹுவா சீன மருத்துவமனையைத் தினமும் பார்க்கிறேன். அது அரசாங்கத்துடையதா? ஏதோ சங்கம் நடத்துகிறது என்கிறார்களே, சங்கத்துக்கு எதற்கு மருத்துவமனை? அங்கே எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்றிதழ்) கொடுத்தால் செல்லுமா?"

அம்மா, அரசாங்கத்துடையது இல்லை. சீனப் பாரம்பரிய வைத்தியம் பார்க்கிறவர்களின் சங்கம் நடத்துவது. சங்கத்துக்கு எதற்கு மருத்துவமனை என்று கேட்டீர்களே, அதற்குத்தான் இந்த வீடியோ.

தோங் சாய் பற்றி நான் பேசியதைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். 1867இல் சிங்கப்பூரில் வியாபாரிகள் சேர்ந்து தொடங்கிய தர்ம வைத்தியசாலை. என்ன இனம், என்ன மதம் என்று கேட்காமல் இலவசமாகப் பார்த்தார்கள். அதை நடத்தியவர்கள் காசு உள்ளவர்கள். வைத்தியர் அங்கே சம்பளத்துக்கு உட்கார்ந்தவர். சுங் ஹுவாவை நடத்துவது வைத்தியர்களே. நாடி பிடிக்கிறவர் கட்டடம் கட்டவும் பள்ளிக்கூடம் நடத்தவும் இறங்குகிறார் என்றால், யாரோ அவரை அந்த நிலைக்குத் தள்ளியிருக்க வேண்டும்.

தள்ளியது சீனாவில், சிங்கப்பூரில் இல்லை. 1929 பிப்ரவரியில், நான்ஜிங்கைத் தலைநகராக வைத்திருந்த அப்போதைய சீன அரசாங்கத்தின் சுகாதாரக் குழு கூடியது. யூ யுன்சியூ என்ற டாக்டர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். நாம் அலோபதியை ஆங்கில மருத்துவம் என்போம். இவர் அதைப் படித்தது ஜப்பானில். பழைய வைத்தியத்தை ஜப்பான் ஓரங்கட்டியதைப் பார்த்தவர். தீர்மானம் இதுதான்: இருக்கிற சீன வைத்தியர்கள் பதிவு செய்துகொள்ளட்டும், புதிதாகப் பள்ளிக்கூடம் வேண்டாம், பத்திரிகையில் விளம்பரம் வேண்டாம். நேரடியாக யாரையும் தடை செய்யவில்லை, பாருங்கள். இருக்கிற ஆட்கள் காலமானால் வைத்தியமும் காலமாகிவிடும், அவ்வளவுதான்.

அதுவரை ஊருக்கு ஊர் சின்னச் சின்னச் சங்கங்கள்தான். அவரவர் குடும்பச் சூத்திரத்தை அவரவர் பெட்டியில் பூட்டிவைத்திருந்த ஆட்கள். இவர்களை எப்படி ஒன்று சேர்ப்பது? ஷாங்காயில் இரண்டு வைத்தியர்கள் ஒரு வேலை செய்தார்கள். சென் சுன்ரென், ஜாங் ஸான்சென் என்று பெயர். இரண்டு பேரும் ஆளுக்கொரு மருத்துவப் பத்திரிகை நடத்தி வந்தார்கள். சந்தாதாரர் பட்டியலை எடுத்துப் பிரித்தார்கள். எந்த ஊரில் எந்த வைத்தியர், என்ன விலாசம், எல்லாம் அதில் இருந்தது. அதைப் பார்த்துச் செய்தி அனுப்பினார்கள். நான் வாரா வாரம் சப்ஸ்கிரைப் செய்யுங்கள் என்று சொல்லும்போது சிரிக்கிறீர்களே!

மார்ச் 17ஆம் தேதி 15 மாகாணங்களிலிருந்து ஷாங்காயில் வந்து கூடினார்கள். அன்றைக்கு ஷாங்காய் மருந்துக்கடைகளும் கதவைச் சாத்தின. கடைக்காரருக்கு இதில் என்ன என்று தோன்றும். நான் ஒருமுறை சைனாடவுனில் ஒரு பழைய கடையில் நின்று பார்த்திருக்கிறேன். சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள். வைத்தியர் உள்ளே ஒரு மேசையில். அவர் எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்துக் கடைக்காரர் அறை அறையாக இழுத்து, கைத்தராசில் நிறுத்து, விரித்த தாளில் ஒவ்வொன்றாகக் கொட்டி மடித்தார். கசப்புக்கு வாயில் போட்டுக்கொள்ள ஓர் உப்புப் பழமும் வைத்தார். வைத்தியர் தாள் எழுதாவிட்டால் அத்தனை இழுப்பறையும் தூங்க வேண்டியதுதான். அதனால்தான் கடைக்காரரும் கூட வந்து நின்றார்.

அந்தத் தீர்மானம் அமலுக்கு வரவில்லை. இரண்டே வருடத்தில், 1931இல், அதே மார்ச் 17ஆம் தேதி, அரசாங்க ஆதரவோடு தேசிய மருத்துவ நிலையம் நான்ஜிங்கில் திறக்கப்பட்டது. தேசிய மருத்துவம் என்று அவர்கள் சொன்னது சீன வைத்தியத்தைத்தான். தைவானில் இன்றைக்கும் அந்தத் தேதியைத் தேசிய மருத்துவ நாள் என்று கொண்டாடுகிறார்கள். நான் அடிக்கடி சொல்வதுதான், திரும்பவும் சொல்கிறேன்: இவர்களைச் சங்கமாக்கியது அவர்களுடைய ஒற்றுமை இல்லை, யூ யுன்சியூ!

சரி, சிங்கப்பூருக்கு வருவோம். சீனாவின் சியாமென் நகரில் சீன மருத்துவப் பள்ளி நடத்திய ஊ ருய்ஃபு என்ற முதியவர், ஜப்பானியப் படை வந்ததும் கப்பலேறி இங்கே வந்து சேர்ந்தார். போர் முடிந்த பிறகு 1946இல் சங்கம் உருவானது. முன்னால் நின்றவர்களில் அவர் ஒருவர். இங்கே சீன வைத்தியத்தை யாரும் ஒழிக்கப் பார்க்கவில்லை, அங்கீகரிக்கவும் இல்லை. பிரிட்டிஷ் அரசாங்கத்தின் கணக்கிலேயே அவர்கள் வைத்தியர்கள் கிடையாது. யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டலாம். அப்படியானால் நல்ல வைத்தியர் யார் என்று யார் சொல்வது? சங்கமே சொல்லிக்கொண்டது. 1952இல் சுங் ஹுவா இலவச வைத்தியசாலை, 1953இல் மாலை நேர வைத்தியப் பள்ளி. பிறகு தெலோக் ஆயர் தெருவுக்கு வந்தார்கள். நம் நாகூர் தர்கா இருக்கிற அதே தெரு. தோ பாயோ கட்டடம் எழுபதுகளின் கடைசியில் வந்தது. பள்ளியில் படித்தவர் வைத்தியசாலையில் நாடி பார்த்துக் கை பழக வேண்டும். அம்மா, உங்கள் கேள்விக்குப் பதில் அதுதான். மருத்துவமனை இல்லாமல் அந்தப் பள்ளி நிற்காது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சங்கம் தன் ஆட்களைத் தானே பரீட்சை வைத்துத் தேர்வு செய்தால், தவறு நடந்தால் கேட்பது யார்? என்னைக் கேட்டால் இதுதான் பெரிய கேள்வி. 1978இல் ஹுவாங்லியான் என்ற கசப்பு வேரை அரசாங்கம் தடை செய்தது. பச்சைக் குழந்தைகளுக்கு மஞ்சள் காமாலை முற்றுவதற்கும் அதற்கும் தொடர்பு இருக்கலாம் என்ற பயம். ஜி6பிடி குறைபாடு, அதாவது ரத்தச் சிவப்பணுக்கள் எளிதில் சிதையும் பிறவிக் குறைபாடு உள்ள குழந்தைகளைப் பற்றிய கவலை அது. 2013இலிருந்துதான் தடையைப் படிப்படியாக எடுத்தார்கள். வைத்தியரைப் பதிவு செய்யும் சட்டமோ 2000இல்தான் வந்தது. மருந்தைத் தடை செய்து 22 வருடம் கழித்து, அதை எழுதிக் கொடுக்கிறவர் யார் என்று கேட்டிருக்கிறார்கள்! இப்போது அரசாங்க வாரியத்தில் பதிவு இல்லாமல் தொழில் செய்ய முடியாது. போகும் முன் வைத்தியர் பெயர் அந்தப் பதிவேட்டில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் எம்.சி. சீன வைத்தியர் கொடுக்கும் எம்.சி.யை முதலாளி ஏற்றுக்கொண்டே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. ஏற்பது அவர் இஷ்டம். அதனால் ஆபீசில் முதலிலேயே கேட்டுக்கொண்டு போங்கள்.