பாறைக்குச் சோறு கொண்டுவரும் மீன்

நண்பர்களே,

கலிபோர்னியாவின் தென்கரையில் முக்குளிக்கிறவர்கள் கண்ணில் முதலில் படுவது கரிபால்டி மீன். உடம்பெல்லாம் பளீர் ஆரஞ்சு. 1995இல் அந்த மாநிலம் அதைத் தன் அதிகாரப்பூர்வக் கடல்மீனாகவே அறிவித்தது. நான் பேசப்போவது அதன் பங்காளியைப் பற்றி. பெயர் பிளாக்ஸ்மித். சாம்பல் கலந்த நீலம், பின்பாதியில் கரும்புள்ளிகள், நன்றாக வளர்ந்தால் ஓரடி நீளம். படமெடுக்க யாரும் மெனக்கெடாத மீன். ஆனால் அந்தப் பாறைகளுக்குச் சோறு கொண்டுவருவதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

இதன் சொந்தபந்தங்களில் பெரும்பாலானவை வெப்பக் கடலின் பவளத் திட்டுகளில் வாழ்கின்றன. இதுவோ கலிபோர்னியாவின் மான்டரே முதல் மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியா வரை, கெல்ப் பாசிக் காடுகள் நிற்கும் குளிர்ந்த நீரில் கூட்டம் கூட்டமாகத் திரிகிறது. விடிந்ததும் பாறை இடுக்கிலிருந்து கிளம்பி, நீரோட்டம் எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்த முனைக்குப் போய் எதிர்முகமாக நிற்கும். ஓட்டம் அடித்துவரும் மிதவை உயிரிகளை ஒவ்வொன்றாகக் கொத்தித் தின்னும். ஓட்டம் திசை மாறினால் கூட்டமும் இடம் மாறிக்கொள்ளும்.

இருட்டியதும் எல்லாம் திரும்பிவந்து பாறைப் பொந்துகளுக்குள் அடைந்துகொள்ளும். இங்கேதான் விஷயம் இருக்கிறது. பகலெல்லாம் தின்றது இரவில் எங்கே கழிவாக வெளியேறும்? அந்தப் பொந்துகளுக்குள்தான்! வெளிச்சம் எட்டாத இடம், பாசி வளராது. அங்கே ஒண்டியிருக்கும் புழுக்களும் இறால்களும் நண்டுகளும் வெளியிலிருந்து வந்து விழுவதை நம்பித்தான் பிழைக்க வேண்டும்.

இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். ரிச்சர்ட் பிரே என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் எழுதிய கட்டுரை 1981இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. இந்த மீன்கள் தங்குமிடத்தில், ஒரு சதுர மீட்டருக்கு ஓர் இரவில் சுமார் 23 மில்லிகிராம், ஓர் ஆண்டில் சுமார் 8 கிராம் கார்பன் கழிவு வழியாகச் சேர்கிறது என்று கணக்கிட்டார்கள். கேட்க அற்பமாக இருக்கலாம். ஆனால் இது அந்தப் பாறையில் விளைந்ததல்ல. திறந்த கடலின் விளைச்சல். மீன் தூக்கிவராவிட்டால், அதில் பெரும்பகுதி ஓட்டத்தோடு பாறையைத் தாண்டிப் போயிருக்கும். கழிவோடு அம்மோனியமும் வெளியேறுகிறது. அது பாசிகளுக்கு உரம்.

அப்புறம், இந்த மீனுக்கு ஒரு வைத்தியர் உண்டு. சென்யோரிட்டா என்ற சின்ன மீன், மற்ற மீன்களின் மேல் ஒட்டியிருக்கும் ஒட்டுண்ணிகளைக் கொத்தித் தின்னும். அது வந்தால் போதும், பிளாக்ஸ்மித் கூட்டம் அதை மொய்த்துக்கொள்ளும். பல மீன்கள் தலைகீழாக, அசையாமல் நின்று, 'என்னைப் பார், என்னைப் பார்' என்று காத்திருக்கும். நடுவிலிருக்கும் வைத்தியரே கண்ணுக்குத் தெரியாது! பார்க்கப் பார்க்க அலுக்காத காட்சி.

இனப்பெருக்கக் காலத்தில் ஆண் மீன் ஒரு பாறைப் பரப்பைச் சுத்தம் செய்து வைக்கும், பெண் அங்கே முட்டையிடும், குஞ்சு பொரிக்கும்வரை காவல் ஆணுடையது. ஆக, பாறை இடுக்கு இதற்குப் படுக்கை மட்டுமல்ல, குடும்பம் நடத்தும் வீடும்கூட.

அதனால்தான் எனக்கு ஒரு கோரிக்கை. இன்று பல கடல்களில் செயற்கைப் பாறைத்திட்டுகள் அமைக்கிறார்கள். நல்ல காரியம். எத்தனை மீன் வந்து சேர்ந்தது என்று பகலில் எண்ணுகிறார்கள். சரி, எண்ணட்டும். இரவில் எத்தனை மீன் அங்கேயே தங்குகிறது என்பதையும் எண்ண வேண்டும். கல்லை அடுக்கும்போதே மீன் நுழையும் அளவுக்குப் பொந்துகளும் இடுக்குகளும் விட்டு அடுக்க வேண்டும். பகலில் மேய்ந்துவிட்டு, இரவு தங்க வேறிடம் தேடிப் போகிற மீன், தின்றதையெல்லாம் அந்த வேறிடத்துக்குத்தான் கொண்டுபோகும்.